பருவத்துக்கு ஒரு மலை: தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஓராண்டு மலையேற்றச் சவாலை முடிக்க ஒரு வழிகாட்டி

ஓராண்டுக்குள் நான்கு பருவத்திலும் ஒவ்வொரு மலை ஏறிவிட வேண்டும். இப்படி ஒரு சவாலை நண்பர்கள் சேர்ந்து எடுப்பது இப்போது நம் பக்கமும் பரவலாகிவிட்டது. நாங்களும் எடுத்தோம், முடித்தோம். மலை ஏறுவதில் பட்ட பாட்டைவிட, எந்த மாதத்தில் எந்த மலை திறந்திருக்கும், யாரிடம் என்ன காகிதம் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் பட்ட பாடுதான் அதிகம். அடுத்து இறங்குபவர்கள் அந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாதம் தேடாதீர்கள். மாதத்தைப் பார்த்துவிட்டு மலையைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. நாட்காட்டியில் முதலில் குளிர்காலத்தைக் குறியுங்கள்

வானிலைத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். நம் சவாலுக்கும் இந்தக் கணக்கே போதும்.

பார்க்கும்போது கோடைதான் கஷ்டம் என்று தோன்றும். உண்மையில் இடறுவது குளிர்காலத்தில்தான். காட்டுத்தீ அபாயம் காரணமாக வனத்துறை பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டு மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு இந்த விஷயத்தில் யாரும் தளர்வு காட்டுவதில்லை, காட்டவும் கூடாது. ஆக, குளிர்காலக் காட்டு மலைக்கு ஜனவரி 1 முதல் பிப்ரவரி 14 வரை 45 நாள்தான் உண்டு. அதில் சனி, ஞாயிறு ஆறேழு வாரம்தான் வரும். ஒரு வாரம் பொங்கலுக்குப் போய்விடும். பொங்கல் விடுமுறையில் பெங்களூரு, சேலம் பேருந்துகளில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

அதனால் சவாலை ஜூனில் தொடங்குங்கள். தென்மேற்கு, வடகிழக்கு, குளிர், கோடை என்று வரிசையாக வரும். கடினமான காட்டு மலைக்குப் போவதற்குள் கால் பழகியிருக்கும், ஆவணங்களைத் தயார் செய்யவும் ஆறேழு மாதம் கிடைக்கும். ஜனவரியில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தை முடிவதற்குள் அனுமதி கிடைக்காமல் முதல் பருவத்தையே தவறவிடுகிறார்கள்.

2. எந்த மலைக்கு அனுமதி வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நம் இரு மாவட்ட மலைகளை இந்த வேலைக்காக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது கோட்டை மலைகள். கிருஷ்ணகிரி கோட்டையும் ராயக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பகலில் ஏறலாம், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். மேலே தங்குவது, அடுப்பு மூட்டுவது, பாறையில் பெயர் எழுதுவது எதுவும் கூடாது. ட்ரோன் கொண்டுபோனால் தனி அனுமதி வேண்டும்.

இரண்டாவது கோயில் மலைகளும் ஊர் இருக்கும் மலைகளும். தீர்த்தமலை, வத்தல்மலை, சித்தேரி போன்றவை. பொதுவழியில் போகும்வரை அனுமதிக் கடிதம் தேவையில்லை. ஆனால் சாலையிலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ பத்தடி விலகினால் பல இடங்களில் காப்புக்காடு தொடங்கிவிடும். "ஊர்க்காரங்க எல்லாம் இந்த ஒத்தையடிப் பாதையிலதான் போறாங்க" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் அந்த மலையில் வாழ்பவர்கள், போகலாம். நமக்கு அந்த உரிமை இல்லை.

மூன்றாவது காட்டு மலைகள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் பரந்துகிடக்கும் மேலகிரி மலைத்தொடர் முழுக்க இந்தக் கணக்குதான். இந்தப் பக்கக் காடுகளில்தான் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. அனுமதி இல்லாமல் நுழைந்தால் தமிழ்நாடு வனச் சட்டம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டின்படியும் குற்றம். அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வழக்குப் பதிவானால் கடவுச்சீட்டு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் அது பின்னால் வந்து நிற்கும்.

3. ஆவணங்களை ஜூலைக்குள் ஒரே கோப்பில் சேருங்கள்

காட்டு மலைக்குத்தான் இவ்வளவும் தேவைப்படும். ஆனாலும் முன்பே சேர்த்து வையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் புகைப்படம் உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஏதாவது ஒன்று. பதிவு செய்யும்போது எந்த அட்டையின் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அதன் அசலையே நேரிலும் கொண்டுபோங்கள். கைப்பேசியில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள். மேலகிரிப் பக்கம் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, செயலி திறக்காது.

பெயர் எழுத்து அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் தலைப்பெழுத்து முன்னால் ஒரு அட்டையிலும் பின்னால் இன்னொரு அட்டையிலும் இருக்கும். சோதனைச் சாவடியில் பட்டியலோடு ஒப்பிடுபவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

18 வயதுக்குக் கீழ் யாராவது வந்தால் பெற்றோரின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எளிய பாதைக்கு மட்டும், பெற்றோரோடு அழைத்துப் போகலாம்.

உடல் தகுதிச் சான்று ஒன்றும் வாங்கி வையுங்கள். பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரிடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு வாங்குவதுதான் சான்று. கடையில் கிடைக்கும் படிவத்தில் தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்குவது வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனையே ஒரு நன்மைதான். எங்கள் குழுவில் ஒருவருக்கு அழுத்தம் இருப்பது இப்படித்தான் தெரிந்தது.

அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இரண்டு எண்கள், இரத்த வகை, எடுத்துக்கொள்ளும் மாத்திரை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவரும் பையில் வையுங்கள். பேசும் நிலையில் இல்லாதபோது அந்தத் தாள்தான் பேசும்.

4. காட்டுப் பாதைக்கு முன்பதிவு: வனத்துறை வழி ஒன்றே வழி

வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அதில் வந்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் சிகரமும் அய்யூர் – சாமி ஏரி பாதையும் இருக்கின்றன. அந்தத் தளத்தில் பாதையைத் தேர்ந்தெடுத்து, தேதி பார்த்து, எல்லார் விவரமும் கொடுத்து, பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். அவர்களில் பலர் மலைவாழ் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். காட்டின் குரல் தெரிந்தவர்கள். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும்.

கட்டணம் பாதைக்குப் பாதை மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்கிறார்கள். பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைப் படித்துவிடுங்கள்: சாப்பாடு சேர்ந்ததா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூட வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். தருமபுரியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தாலும் தேன்கனிக்கோட்டைக்கு விடியும் முன் போய்ச் சேர முடியாது. முந்தின நாளே ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ தங்கிவிடுங்கள்.

ஜனவரித் தேதிகள் தளத்தில் திறந்ததும் பதிவு செய்துவிடுங்கள். நவம்பரிலிருந்தே வாரம் ஒருமுறை பார்த்துவருவது நல்லது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் "மேலகிரி ட்ரெக், கேம்ப் ஃபயர், எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று விளம்பரம் வரும். அப்படி ஒருவரிடம் நாங்கள் பணம் கட்டினோம். அடிவாரம் போன பிறகுதான் அவரிடம் எந்த அனுமதியும் இல்லை என்று தெரிந்தது. திரும்பி வந்தோம், பணம் வரவில்லை. யார் அழைத்தாலும் உங்கள் பெயர் உள்ள அனுமதிச் சீட்டின் நகலை முதலில் கேளுங்கள். தர மறுத்தால் போகாதீர்கள். காட்டுக்குள் நெருப்பு மூட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் சீட்டைக்கூடக் கேட்கத் தேவையில்லை.

தளத்தில் இல்லாத காட்டுப் பாதைக்குப் போக வேண்டுமென்றால் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். நோக்கம், தேதி, ஆட்கள் பட்டியல், அடையாள அட்டை நகல்கள் இணைத்து இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பொழுதுபோக்குக்கு இது கிடைப்பது அரிது. புதிதாக வருபவர்கள் தளத்தில் உள்ள பாதைகளோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

5. ஜூன் – செப்டம்பர்: கிருஷ்ணகிரி கோட்டை

நகரை ஒட்டியே, பழையபேட்டைப் பக்கம் நிற்கிற பாறை மலை. சையத் பாஷா மலை என்றும் சொல்வார்கள், மேலே தர்கா இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் அடிவாரம் போய்விடலாம். முதல் மலைக்கு இது பொருத்தம். ஏதாவது ஆனால் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.

தென்மேற்குப் பருவத்தில் நம் பக்கம் மேகமூட்டமும் காற்றும்தான் அதிகம். வெயில் தணிந்திருக்கும். ஆனால் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மொட்டைப் பாறையின் விளிம்பில் நின்றால் நன்றாகவே புரியும். விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம், குடையும் வேண்டாம். மழைக்கோட்டு போதும்.

செப்டம்பரைத் தவிர்த்து ஜூலை, ஆகஸ்டில் முடியுங்கள். செப்டம்பரில் மாலை இடிமழை தொடங்கிவிடும். இடி கேட்டால் உச்சியில் நிற்காமல் உடனே இறங்கத் தொடங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப ஏறக்கூடாது.

பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கலாம். அத்தர், சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கல் எறியாதீர்கள், புகை போடாதீர்கள். தேனீ கலைந்தால் உட்கார்ந்து கையை வீசுவதைவிட, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வேகமாக விலகுவதுதான் சரி.

ராயக்கோட்டையையும் அதே மாதத்தில் முடித்துவிடத் தோன்றும். முடிக்காதீர்கள். அதை இருப்பில் வையுங்கள். குளிர்காலத்தில் காட்டுப் பாதை திடீரென்று மூடப்பட்டால் அந்தப் பருவத்துக்கு மாற்று மலை அதுதான். சேலம் – பெங்களூரு ரயில் பாதையில் ராயக்கோட்டை நிலையம் இருக்கிறது, மலையும் ஊரை ஒட்டியது. முந்தின நாள் முடிவெடுத்தாலும் போய்வந்துவிடலாம்.

6. அக்டோபர் – டிசம்பர்: தீர்த்தமலை

மழைக்காலத்தில் படிக்கட்டுப் பாதை உள்ள மலைதான் பாதுகாப்பு. அரூரிலிருந்து தீர்த்தமலைக்கு நகரப் பேருந்து உண்டு. அந்தச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரயிலில் வருபவர்கள் மொரப்பூரில் இறங்கி அரூர் வரலாம்.

காலையிலேயே ஏறிவிடுங்கள். மேலே தீர்த்தகிரீசுவரரைத் தரிசிக்கப் போகிறவர்கள் நடை சாத்தும் நேரத்தை அடிவாரத்துக் கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம். பௌர்ணமி, பிரதோஷ நாள்களில் கூட்டம் இருக்கும். கூட்டமுள்ள ஈரப் படியில் இறங்குவது ஏறுவதைவிடச் சிரமம். பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழும் இடத்தைச் சுற்றிப் பாசி படிந்திருக்கும். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடங்கள். குரங்குகள் கையில் உள்ள பையைத்தான் குறிவைக்கும். உணவை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள்.

டிசம்பர் முதல் பாதிதான் எனக்குப் பிடித்த நேரம். மழை ஓய்ந்து, மலை பச்சையாக இருக்கும், சேறும் காய்ந்திருக்கும்.

7. ஜனவரி – பிப்ரவரி 14: மேலகிரி

சவாலின் நடுத்தூண் இதுதான். குழுவில் எல்லாரும் நல்ல நடையாளர்கள் என்றால் குத்திராயன். பிள்ளைகள், பெரியவர்கள் இருந்தால் அய்யூர் – சாமி ஏரி. பெருமைக்காகக் கடினமான பாதையைத் தேர்ந்தெடுத்து, ஒருவர் முடியாமல் உட்கார்ந்தால் மொத்தக் குழுவும் திரும்ப வேண்டியிருக்கும்.

யானை பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேழ்வரகு முற்றும் காலத்தில், ஐப்பசி கார்த்திகை தொடங்கி, கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். அறுவடை முடிந்தும் பல கூட்டங்கள் தை, மாசி வரை இங்கேயே சுற்றும். அந்தச் சமயத்தில் உங்கள் தேதியை வனத்துறை ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். ராயக்கோட்டை இருக்கிறது.

அதிகாலையிலும் மாலை ஆறு மணிக்கு மேலும் அந்தப் பக்கச் சாலைகளில் இருசக்கர வாகனத்தில் போகாதீர்கள். காட்டோர நிலங்களுக்குள் குறுக்கு வழி தேடவே கூடாது. பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாக மின்வேலி போடுபவர்கள் சிலர் உண்டு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. யானைக்கே அந்தக் கதி என்றால் மனிதர் எம்மாத்திரம்.

விடியற்காலைக் குளிர் தருமபுரியில் இருப்பதைவிடக் கடுமையாக இருக்கும். ஸ்வெட்டர் ஒன்று, காதை மூடும் துணி ஒன்று, டார்ச் லைட். உடை மங்கலான பச்சை, காக்கி, பழுப்பு நிறத்தில் இருக்கட்டும். சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. காட்டு நுழைவில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எஃகுப் புட்டியில் தண்ணீர், டப்பாவில் சாப்பாடு. புளிசாதம் கெடாது. கடலை மிட்டாயின் உறையை வீட்டிலேயே பிரித்துவிட்டு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சிகரெட், தீப்பெட்டி, மது எதுவும் பைக்குள் இருக்கக்கூடாது.

8. மார்ச் – மே: வத்தல்மலை

காட்டுப் பாதைகள் ஏப்ரல் 15 வரை மூடியிருக்கும், கோட்டைப் பாறைகள் கொதிக்கும். எஞ்சியது ஊரும் சாலையும் உள்ள மலை. தருமபுரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற வத்தல்மலையில் காபியும் மிளகும் விளைகின்றன. கீழே சுட்டெரிக்கும் நாளிலும் மேலே பெரியூர், பால்சிலம்பு பக்கம் காற்று இதமாக இருக்கும்.

இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தார்ச்சாலையில் நடந்து ஏறுவதுதான் சவால். வெளிச்சம் வந்ததும் அடிவாரத்தில் தொடங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் கடந்திருக்க வேண்டும். வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வளைவுகளில் வண்டிகள் வேகமாக வரும். வலது ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். இருபுறமும் காடு என்பதால் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம். தீ அபாயம் கூடிய நாள்களில் நடக்க வேண்டாம் என்று வனக்காவலர் சொன்னால் பேருந்தில் ஏறி மேலே போய் ஊர்களுக்கு இடையே நடங்கள். இறங்குவதற்குப் பேருந்து நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவையுங்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் வேறு வண்டி கிடைப்பது கஷ்டம்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. முந்தின இரவு நன்றாகத் தூங்கி, காலையில் கம்பங்கூழோ மோரோ குடித்துவிட்டுத் தொடங்கினால் பாதி வெற்றி. யாருக்காவது வேர்ப்பது நின்று, தலை சுற்றி, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் படுக்க வைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் கோடை மழை இடியோடு வரும் என்பதால் இரண்டு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

மேலே இருப்பது மக்கள் வாழும் ஊர்கள். காபிச் செடியில் கை வைக்காதீர்கள், வீட்டு வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லிப் பணம் கொடுத்துச் சாப்பிடுங்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தால் விட வேண்டாம்.

9. செலவு

பெரிய செலவு இரண்டே. பிடிமானமுள்ள ஷூவுக்கு ரூ. 1,500 முதல் 2,500 வரை ஆகும். ஜூனுக்கு முன்பே வாங்கி இரண்டு வாரம் ஊருக்குள் போட்டு நடங்கள். இரண்டாவது மேலகிரிக் கட்டணமும் முந்தின இரவு தங்கும் செலவும். மற்ற மூன்று மலைகளும் பேருந்து, ஆட்டோ, சாப்பாடு சேர்த்து ஆளுக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். குழுவாகப் போனால் பணத்தை ஜூனிலேயே ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். ஜனவரியில் வசூலித்தால், வசூல் முடிவதற்குள் தேதி போய்விடும்.

10. பதிவும் காய்ச்சலும்

ஒவ்வொரு மலையிலும் உச்சியில் தேதி தெரியும்படி ஒரு படம், ஏறிய நேரம், இறங்கிய நேரம், வந்தவர்கள் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அனுமதிச் சீட்டையும் பேருந்துச் சீட்டையும் அதிலேயே ஒட்டிவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் உடையைச் சுடுநீரில் போட்டு, அக்குள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலமும் பனிக்காலமும் உண்ணிக் காய்ச்சல் பரவும் காலம். பூச்சி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி வரும். சிலருக்கு கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருக்கும். மலைக்குப் போய்வந்தது மறந்தே போயிருக்கும் நேரம் அது. மருத்துவரிடம் போனால் எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். தேதி அந்த நோட்டில் இருக்கும்.